ரூதர்ஃபோர்டு: விஞ்ஞானி, வாத்தியார், நாலு பிள்ளைகளின் தாத்தா

இயற்பியல் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் 19 அணுக்கருவைக் கண்டுபிடித்த எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு மறைந்த நாள். 1937-இல், 66 வயதில் போய்ச் சேர்ந்தார். அவரைப் பற்றி ஒரு இழை தொடங்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுத வைத்தது என் வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வி.

தங்கத் தகடு சோதனையை (மெல்லிய தங்கத் தகட்டில் ஆல்ஃபா என்ற கதிரியக்கத் துகள்களை மோதவிட்டு அணுவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தது) நடத்தும்போது நான் எப்போதும் ஒரு அட்டையை மேஜைமேல் வைப்பேன். அட்டைக்கு அடியில் மரக்கட்டை ஒன்று ஒளிந்திருக்கும். பிள்ளைகள் கோலிக்குண்டுகளை உருட்டிவிட வேண்டும். எது நேராகப் போகிறது, எது தெறித்துத் திரும்புகிறது என்று குறித்துக்கொண்டே வந்து, உள்ளே இருப்பதன் உருவத்தைச் சொல்ல வேண்டும். அப்படி உருட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அவள் கேட்டாள்: "டீச்சர், இவருக்குக் குழந்தை குட்டி உண்டா?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வீட்டுக்கு வந்தும் மனசு அதிலேயே நின்றது. இங்கேயும் எழுதுகிறேன்.

ஒரே ஒரு மகள். பெயர் எய்லீன். ரூதர்ஃபோர்டு கனடாவில் மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த காலத்தில், 1901-இல் பிறந்தவள். 1921-இல் கேம்பிரிட்ஜின் கணித இயற்பியலாளர் ரால்ஃப் ஃபௌலரைத் திருமணம் செய்துகொண்டாள். மாமனாரும் மருமகனும் ஒரே ஊர், ஒரே பல்கலைக்கழகம், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து கால்ஃப். பீட்டர் 1923-இல் பிறந்தான். அடுத்து இன்னும் இரண்டு பிள்ளைகள். 1930 டிசம்பரில் நாலாவதாக ஒரு பெண் குழந்தை.

குழந்தை பிறந்த சில நாட்களில், டிசம்பர் 23 அன்று, எய்லீன் இறந்துபோனாள். வயது 29.

மறு வாரமே புத்தாண்டுப் பட்டங்களின் பட்டியல் வந்தது. அதில் ரூதர்ஃபோர்டுக்குப் பிரபுப் பட்டம். நியூசிலாந்தில் அவர் வளர்ந்த ஊரின் பெயரைச் சேர்த்து 'நெல்சன் ரூதர்ஃபோர்டு பிரபு' என்று வைத்துக்கொண்டார். அங்கே இருந்த வயதான அம்மாவுக்கு ஒரு தந்தி கொடுத்தார். இப்போது நான் ரூதர்ஃபோர்டு பிரபு, இந்தப் பெருமை எனக்கு என்பதைவிட உங்களுக்குத்தான் அதிகம் என்று. ஊரெல்லாம் வாழ்த்து சொல்ல வருகிறது, வீட்டில் மகளை அடக்கம் செய்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கிறது, அம்மா இல்லாத கைக்குழந்தை ஒன்று அழுகிறது. இந்த இரண்டையும் அந்த மனிதர் ஒரே மூச்சில் எப்படித் தாங்கியிருப்பார்? நான் இதை நினைக்காமல் இனி அந்தப் பாடத்தை நடத்த முடியாது.

அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.

மலைக்கோட்டை:

டீச்சர், நெகிழ்ந்துவிட்டேன். இது எனக்குத் தெரியாத பக்கம்.

அந்தப் பட்டத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அது ஆண் வாரிசு வழியாகத்தான் இறங்கும். அவருக்கு மகன் இல்லை. அதனால் 1937-இல் அவரோடு பட்டமும் முடிந்துவிட்டது. ஆனால் மகள் வயிற்றுப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பாருங்கள்.

மூத்தவன் பீட்டர் ஃபௌலர் தாத்தா வழியிலேயே போனார். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் செசில் பவல் குழுவில் சேர்ந்து விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். அவர் மனைவி ரோஸ்மேரியும் அதே குழுதான். 1948-இல், 22 வயதில், ஒளிப்படப் பூச்சுத் தகடுகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு துகள் பையான் என்ற மூன்று சிறு துகள்களாகச் சிதைந்த தடத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். இன்று அதைக் கேயான் என்கிறோம். அடுத்த வருஷம் திருமணமானதும் முனைவர் பட்ட வேலையை அப்படியே விட்டுவிட்டு மூன்று மகள்களை வளர்த்தார். 2024-இல், 98 வயதில், பிரிஸ்டல் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. அந்த மகள்களில் ஒருவரான மேரி ஃபௌலர் புவி இயற்பியலாளர். கேம்பிரிட்ஜில் டார்வின் கல்லூரியின் தலைவராக இருந்தார்.

அப்புறம் அந்தக் கைக்குழந்தை, பெயர் ரூத். அவர் மரபியல் படித்தார். எடின்பரோவில் ராபர்ட் எட்வர்ட்ஸ் என்ற சக ஆராய்ச்சியாளரை மணந்தார். வளர்ந்த பெண் எலிகளுக்கு ஹார்மோன் ஊசி போட்டு அதிகக் கருமுட்டைகளை வரவழைக்கலாம் என்று 1957-இல் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் இரண்டே பேர், ஃபௌலர், எட்வர்ட்ஸ். அந்த ஃபௌலர் இந்த ரூத்தான். அந்த வழியில் எட்வர்ட்ஸ் தொடர்ந்து நடந்து வந்து சேர்ந்த இடம், 1978 ஜூலை 25 அன்று பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரௌன்.

எட்வர்ட்ஸுக்கு 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது. உடல்நிலை இடம்கொடுக்கவில்லை. ஸ்டாக்ஹோமுக்குப் போய் அவர் சார்பில் பரிசை வாங்கியவர் ரூத். 1908-இல் தாத்தா வேதியியல் நோபல் வாங்கிய அதே ஊர்.

பொன்னி:

என் மகளைத் தூங்க வைத்துவிட்டு இதைப் படிக்கிறேன். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, மூன்றாவது முயற்சியில் சோதனைக்குழாய் முறையில் பிறந்தவள். தினமும் ராத்திரி வயிற்றில் ஊசி போட்டுக்கொண்ட நாட்கள் இன்னும் கண் முன்னால் நிற்கின்றன. அந்த ஊசிக்குப் பின்னால் எலிகளோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் இருந்திருக்கிறார், அவரும் அம்மா முகம் அறியாமல் வளர்ந்தவர் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. மலைக்கோட்டை அண்ணா, ரொம்ப நன்றி.

கரிசல்:

எல்லாம் சரி. ஒரு மாற்றுக் கருத்து. தங்கத் தகடு சோதனையை இருட்டறையில் உட்கார்ந்து செய்தவர்கள் அவருடைய உதவியாளர் கைகரும் மாணவர் மார்ஸ்டனும். பெயர் மட்டும் ரூதர்ஃபோர்டுக்கு. பெரிய ஆய்வகங்களில் இன்றைக்கும் இதுதானே நடக்கிறது? என் முனைவர் பட்டக் காலத்தில் நான் இரண்டு வருஷம் செய்த அளவீடுகள் என் பெயர் இல்லாமலே அச்சில் வந்தன. அதனால் 'மாபெரும் ஆசிரியர்' என்று யாரையாவது சொன்னால் எனக்குச் சட்டென்று ஒப்புக்கொள்ள வராது. இன்னொன்று, அணுவிலிருந்து ஆற்றல் எடுக்கலாம் என்பது வெறும் வீண்பேச்சு என்று 1933-இல் சொன்னவரும் இவர்தான்.

இயற்பியல் டீச்சர்:

கரிசல், உங்களுக்கு நடந்தது பெரிய அநியாயம். அதை அனுபவித்தவர் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயம்தான். ஆனால் இந்த விஷயத்தில் ரூதர்ஃபோர்டு நேர் எதிர்.

ஆல்ஃபா துகள்கள் பின்பக்கமாகத் தெறிக்கின்றன என்று உலகுக்குச் சொன்ன 1909 கட்டுரையின் தலையில் இருக்கும் பெயர்கள் கைகர், மார்ஸ்டன். அவ்வளவுதான். ரூதர்ஃபோர்டு தன் பெயரைச் சேர்க்கவே இல்லை. மார்ஸ்டனுக்கு அப்போது வயது 20, பட்டப்படிப்பே முடிக்காத பையன். அந்த வேலை எப்படிப்பட்டது தெரியுமா? முதலில் அரை மணி நேரம் கும்மிருட்டில் சும்மா உட்கார்ந்து கண்ணைப் பழக்க வேண்டும். பிறகு நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையில் ஊசிமுனை மின்னுவதுபோல் வரும் பொறிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கொஞ்ச நேரத்தில் கண் சோர்ந்துவிடும். அடுத்த ஆள் வந்து உட்காருவார். எட்டாயிரம் துகளுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏதோ ஒன்று பின்னால் திரும்பும். அதற்காக நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். ரூதர்ஃபோர்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது, கைகருக்கு இருந்தது. அதை அவரே மனதாரச் சொன்னவர். பிறகு இரண்டு வருஷம் யோசித்து, அணுவின் எடையெல்லாம் நடுவில் ஒரு சின்னப் புள்ளியில் இருக்கிறது என்று கணக்குப் போட்டு 1911-இல் எழுதியது அவர். அந்தக் கட்டுரை அவருடையது, முந்தையது பையன்களுடையது.

1932-இல் கேம்பிரிட்ஜில் ரூதர்ஃபோர்டு தலைமை வகித்த கேவண்டிஷ் ஆய்வகத்தில் நியூட்ரானைக் கண்டுபிடித்தபோது கட்டுரையில் சாட்விக் பெயர் மட்டும். அதே வருஷம் முடுக்கிய புரோட்டான்களால் லித்தியம் அணுவைப் பிளந்தபோது காக்ராஃப்ட், வால்டன் பெயர் மட்டும். இரண்டுக்கும் வழிகாட்டி ரூதர்ஃபோர்டு. மாணவர்களை 'என் பையன்கள்' என்றுதான் சொல்வார். சாடி, ஹான், ஹெவிஷி, நீல்ஸ் போர், சாட்விக், பிளாக்கெட், காக்ராஃப்ட், வால்டன், கபிட்சா என்று அவரிடம் வேலை கற்றவர்களில் நோபல் வாங்கியவர்களை எண்ணினாலே இரண்டு கை விரல் போதாது.

பையன்கள் மட்டும் இல்லை. மெக்கில்லில் அவருடைய முதல் பட்டமேற்படிப்பு மாணவி ஹாரியட் புரூக்ஸ் என்ற பெண். 1920-இல் கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழு உறுப்புரிமை தர மறுத்துக்கொண்டிருந்தபோது, தர வேண்டும் என்று ரூதர்ஃபோர்டு வேதியியலாளர் வில்லியம் போப்போடு சேர்ந்து டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்.

அந்த 1933 பேச்சு தவறாகப் போனது உண்மை. அதைப் படித்த கோபத்தில்தான் லண்டன் தெருவில் நடந்துகொண்டே சிலார்டு என்ற இயற்பியலாளர் அணு ஆற்றலை வெளிக்கொண்டுவரும் தொடர்வினையை யோசித்தார். ஆனால் அதே 1933-இல் ஜெர்மனியில் வேலை பறிபோன யூத அறிஞர்களுக்காகத் தொடங்கிய உதவிக் குழுவுக்குத் தலைவராக இருந்து, வீடு வீடாக, பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாக இடம் தேடிக்கொடுத்தவரும் அவரே. எனக்கு இரண்டாவது பெரிதாகத் தெரிகிறது.

கரிசல்:

1909 கட்டுரையின் பெயர்கள் பற்றி எனக்குத் தெரியாது டீச்சர். இன்று எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு கேவண்டிஷைப் பூட்டிவிட வேண்டும், எல்லோரும் வீட்டுக்குப் போய் யோசியுங்கள் என்று அவர் விதி வைத்திருந்ததையும் படித்தேன். எங்கள் ஆய்வகத்தில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் என் மகன் நடக்கத் தொடங்கியதை நான் பார்த்திருப்பேன்.

தென்காசிக்காரன்:

மோஸ்லியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் பையன்களில் மிகக் கெட்டிக்காரர். ஒவ்வொரு தனிமத்துக்கும் அணு எண் என்பது வெறும் வரிசை எண் இல்லை, உள்ளே இருக்கும் மின்னூட்டம் என்று எக்ஸ் கதிர்களை வைத்து நிறுவியவர். முதல் உலகப் போருக்குப் போனார். 1915 ஆகஸ்ட் 10, கல்லிப்போலி, தலையில் குண்டு. வயது 27. ரூதர்ஃபோர்டு உடைந்துபோனார். இப்படிப்பட்டவர்களைப் போரிட முன்வரிசைக்கு அனுப்புவது நாட்டுக்கே நஷ்டம் என்று வெளிப்படையாக எழுதினார்.

அதே கல்லிப்போலியில் காயம்பட்டுப் பிழைத்து வந்த ஒருவர்தான் பின்னாளில் அவருக்கு மருமகன் ஆனார். ரால்ஃப் ஃபௌலர்!

சேப்பாக்கம் வாசகி:

ஃபௌலர் பெயர் வந்ததால் சொல்கிறேன். நம் விண்ணியற்பியலாளர் சந்திரசேகருக்குக் கேம்பிரிட்ஜில் வழிகாட்டி அவர்தான். மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930 ஜூலை கடைசியில் பம்பாயில் கப்பல் ஏறினார் சந்திரா, வயது 19. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன்களின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்ற கணக்கை அந்தக் கப்பலில்தான் போட்டார். இறங்கியதும் ஃபௌலரிடம் சேர்ந்தார். டீச்சர் சொன்ன தேதியைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். அவர் போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலத்திலேயே, டிசம்பரில், வழிகாட்டியின் மனைவி இறந்திருக்கிறார். அடுத்த மே மாதம் சென்னையில் சந்திராவின் அம்மா சீதாலட்சுமி இறந்தார். மகனால் வர முடியவில்லை. ஆசிரியர் வீட்டிலும் மாணவர் வீட்டிலும் ஆறு மாதத்துக்குள் இரண்டு சாவு.

1933 கிறிஸ்துமஸ் விடுமுறையில் டிரினிட்டி கல்லூரியில் இரவுச் சாப்பாடு முடிந்து ரூதர்ஃபோர்டு, வானியலாளர் எடிங்டன், இன்னும் இரண்டு பேரோடு கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதைச் சந்திரா பின்னாளில் எழுதியிருக்கிறார். ஐன்ஸ்டீனுக்குக் கிடைக்கும் பொதுப் புகழ் உங்களுக்கு ஏன் இல்லை என்று ஒருவர் கேட்கிறார். ரூதர்ஃபோர்டு எடிங்டனைப் பார்த்து, ஐன்ஸ்டீன் புகழுக்குக் காரணம் நீங்கள்தான் என்கிறார். போர் முடிந்த களைப்பில் இருந்த உலகத்துக்கு, ஒரு ஜெர்மன்காரர் சொன்னதை எடிங்டன் உட்பட ஆங்கிலேயர்கள் கிரகணத்தில் போய்ச் சரிபார்த்த செய்தி எப்படி மனதைத் தொட்டது என்று விளக்குகிறார். தன் புகழைப் பற்றிய கேள்விக்கு அடுத்தவரின் வேலையைப் பேசிப் பதில் சொல்கிறார், கவனியுங்கள்.

அவர் இந்தியாவுக்கு வரவும் இருந்தார். 1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழாவுக்கு அவரே தலைவர். உரையைத் தயார் செய்து வைத்திருந்தார். அக்டோபரில் குடலிறக்கம் முறுக்கிக்கொண்டு, அறுவை சிகிச்சை செய்தும் பிழைக்கவில்லை. ஆங்கிலேய இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜீன்ஸ் தலைமை ஏற்றார். ரூதர்ஃபோர்டின் உரையை அங்கே வாசித்தார்கள்.

வைகைக்கரைத் தாத்தா:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு 71 வயது. ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன்.

எங்களுக்கும் ஒரே மகள். பிரசவமாகிப் பத்தாம் நாள் போய்விட்டாள். பேத்தி இப்போது கல்லூரியில் முதலாம் ஆண்டு. அன்றைக்கு என் கையில் ஒரு துணிப்பொட்டலம்போல் கொடுத்தார்கள். இன்னும் அந்தக் கனம் கையில் இருக்கிறது. மூன்று மாதம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. போன முதல் நாள், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது சுண்ணாம்புக்கட்டியைப் பிடிக்க முடியவில்லை. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து வந்து என் கையிலிருந்து வாங்கி, நீங்க சொல்லுங்க சார், நான் எழுதறேன் என்றான். அந்த வருஷம் முழுவதும் அவன்தான் எழுதினான்.

ரூதர்ஃபோர்டு என்ன பண்ணியிருப்பார் என்று டீச்சர் கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் அம்மா. பிள்ளைகள் முகத்தைப் பார்த்து எழுந்திருக்க வேண்டியதுதான். வீட்டிலும் பிள்ளைகள், வகுப்பிலும் பிள்ளைகள். 1930 டிசம்பரில் அப்படி அடிபட்டவரின் ஆய்வகத்தில்தான் 1932-இல் நியூட்ரானும் அணுப்பிளப்பும் வந்தன என்று இந்த இழையைப் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த ஒன்றரை வருஷம் அவர் ஒவ்வொரு நாள் காலையும் கிளம்பிப் போயிருக்கிறார் இல்லையா. அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

இயற்பியல் டீச்சர்:

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. உங்கள் மகளுக்கு என் அஞ்சலி. அந்தப் பையன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அந்த நாலு பிள்ளைகளையும் ஃபௌலரின் குடும்ப நண்பர் வீட்டார் பொறுப்பெடுத்து வளர்த்தார்கள். கேம்பிரிட்ஜை ஒட்டிய டிரம்பிங்டனில், தாத்தா வீட்டுக்குப் பக்கம்தான். ரூதர்ஃபோர்டின் கடைசி ஏழு வருஷத்தில் அவருக்கு மிகப் பெரிய சந்தோஷம் அந்தப் பேரப்பிள்ளைகள். அவர் போனபோது பீட்டருக்கு 14, ரூத்துக்கு ஏழு வயதுகூட நிறையவில்லை.

மலைக்கோட்டை:

ரஷ்யாவிலிருந்து வந்து கேவண்டிஷில் வேலை பார்த்த கபிட்சா அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'முதலை'. கேவண்டிஷை ஒட்டிக் கட்டிய மாண்ட் ஆய்வகத்தின் சுவரில் எரிக் கில் செதுக்கிய முதலை இன்னும் இருக்கிறது. ஏன் முதலை என்று கேட்டதற்குக் கபிட்சா சொன்ன காரணங்களில் ஒன்று, ரஷ்யாவில் முதலை குடும்பத் தகப்பனின் அடையாளம் என்பது. இத்தனை நாள் அதை வேடிக்கையான செய்தியாகத்தான் படித்தேன். 1934-இல் ஊருக்குப் போன கபிட்சாவை அந்த அரசு ரஷ்யாவிலேயே நிறுத்திவைத்தபோது, அவர் அங்கே வேலையைத் தொடரட்டும் என்று ஆய்வுக் கருவிகளையே ரஷ்யாவுக்கு விற்று அனுப்ப ஏற்பாடு செய்தார் ரூதர்ஃபோர்டு. தகப்பன் செய்கிற காரியம்தானே அது.

நீல்ஸ் போர் தன் மகன் ஒருவனுக்கு எர்னஸ்ட் என்று பெயர் வைத்தார். ரூதர்ஃபோர்டு இறந்த செய்தி வந்தபோது நீல்ஸ் போர் இத்தாலியில் பொலோனியா மாநாட்டில் இருந்தார். மேடையேறி, கண்ணீரோடு சபைக்கு அறிவித்தார்.

படுக்கையில் இருந்தபோது மனைவியிடம் அவர் சொன்னதில் ஒன்று: நெல்சன் கல்லூரிக்கு நூறு பவுண்டு கொடுத்துவிடு. அவர் பையனாகப் படித்த பள்ளி அது.

வைகைக்கரைத் தாத்தா:

நேற்று ராத்திரி பேத்தியிடம் ரூத்தைப் பற்றிச் சொன்னேன். அம்மாவைப் பற்றிய பேச்சை அவள் சாதாரணமாக எடுக்கமாட்டாள். முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி: "தாத்தா, அவரும் உங்களை மாதிரி சத்தமாப் பேசுவாரா?"

டீச்சர், என்ன பதில் சொல்லட்டும்?

இயற்பியல் டீச்சர்:

ஆமாம் என்று சொல்லுங்கள் ஐயா! கேவண்டிஷில் எடுத்த ஒரு பழைய படம் இருக்கிறது. ரூதர்ஃபோர்டு வாயில் சிகரெட்டோடு ஒரு சக ஊழியரிடம் பேசிக்கொண்டு நிற்கிறார். தலைக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறது: "தயவுசெய்து மெதுவாகப் பேசவும்." துகள்களை எண்ணும் கருவிகள் சத்தத்துக்கே அதிர்ந்து தப்புக் கணக்குக் காட்டின. அந்தக் கட்டடத்தில் மிகப் பெரிய குரல் அவருடையது.

படத்தை உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். பேத்தியிடம் காட்டுங்கள்.